புழுவுக்கு வைட்டமின், புது மாப்பிள்ளைக்கு?

வா கண்ணு, திண்ணையில உக்காரு. பையில என்ன, பாட்டிலா? எல்-கார்னிட்டினா! கொழுப்பை எரிக்கிற தண்ணியா! பலே, பலே.

கோவிச்சுக்காதே, சும்மா கேட்டுப்போட்டேன். நீ இதை வாங்கப் போறேனு உங்கம்மா போன்ல முன்னயே சொல்லிப்போட்டா. தையில கல்யாணம். தெச்சு வெச்ச சட்டையில வயித்துக்கிட்ட பொத்தான் காஜாவை எட்டிப் பிடிக்க மாட்டேங்குது. ஜிம்மு மாஸ்டர் கை காட்டினாரு, நீ ஆயிரத்துச் சில்லறையை எண்ணிக் குடுத்துட்டே. குத்தம் சொல்ல நான் யாரு? பொழுதன்னிக்கும் கம்ப்யூட்டர் முன்னால குந்தியிருந்து சம்பாரிச்ச காசு. கொழுப்பை எரிப்பியோ, காசை எரிப்பியோ, அது உம்பட இஷ்டம்.

ஆனா எனக்கும் பொழுது போகோணும் இல்ல? உங்க பெரியம்மா மக காலேசுல சத்துணவுப் படிப்பு படிக்கிறா. நோம்பிக்கு வந்தவளைப் புடிச்சு உக்கார வெச்சு, இந்தக் கார்னிட்டின் சாதகத்தை முழுசா வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். பொண்ணுக்குச் சாதகம் பாத்தோம், உனக்குப் பாத்தோம், கூட வர்ற மருந்துக்குப் பாக்க வேண்டாமா? கேட்டதும் மனசு குளுந்துபோச்சு. நீ நெனைக்கிறதை விட உசந்த சாமான் அது. அதனால முறையாச் சாப்பிடோணும். முறையை நான் சொல்றேன், கேட்டுக்க.

மொதல்ல அதோட பொறப்பு. 1905-ல ரஷ்யாவுல குலேவிச், கிரிம்பெர்க்னு ரெண்டு பேரு கறிச்சாறுல இருந்து இதைப் பிரிச்செடுத்தாங்க. 1927-ல ஜப்பான்காரங்க தோமிதாவும் செஞ்சுவும் அதோட அமைப்பைக் கண்டாங்க. பேரு தெரியும், உருவம் தெரியும், வேலை என்னனு மட்டும் ஒருத்தருக்கும் தெரியாது. அப்பறமா ஃபிராங்கெல்னு ஒரு பூச்சி ஆராய்ச்சிக்காரரு வந்தாரு. மாவு மூட்டையில நெளியுமே புழு, அதை வளத்துப் பாத்தாரு. எந்தச் சத்தைப் போட்டாலும், ஒரே ஒரு சாமான் இல்லைனா அந்தப் புழு பொழைக்க மாட்டேனு செத்துச்சு. அந்தச் சாமானுக்கு வைட்டமின் பி-டினு பேரு வெச்சாரு. டெனிப்ரியோங்கற அந்தப் புழுவோட பேருக்காக ஒரு டி. 1952-ல இல்லினாய் பல்கலைக்கழகத்துல பிரிச்சுப் பாத்தா, அது நம்ம பழைய கார்னிட்டின்.

ஆகக்கூடி, புழுவுக்குத்தான் அது வைட்டமின். வெளிய இருந்து தின்னே ஆகோணும். மனுசன் தன் உடம்புக்குள்ளயே செஞ்சுக்கறான். 1989-ல அமெரிக்காவோட உணவு, சத்துணவு வாரியம் இதைப் பரிசோதிச்சு, இது மனுசன் தின்னே தீரோணும்ங்கற சத்து இல்லைனு சொல்லிருச்சு. தினம் இத்தனை மில்லிகிராம்னு அளவே வெக்கலை. இந்தப் பாட்டிலைக் கேக்க முழு உரிமை இருக்கற சீவன் மாவுப் புழு ஒண்ணுதான் கண்ணு. பாவம், அதுகிட்டக் காசில்லை. உங்கிட்ட இருக்குது.

வேலை என்னங்கறது 1955-ல தெரிய ஆரம்பிச்சுது. கல்லீரல்ல கொழுப்பு எரியறதுக்கு இது ஒத்தாசை பண்ணுதுனு இர்விங் ஃபிரிட்ஸ்னு ஒருத்தரு எழுதினாரு. 'கொழுப்பு எரியறதுக்கு இது வேணும்'னுதான் அவரு சொன்னது. கடைக்கு வந்து சேரும்போது அது 'இது கொழுப்பை எரிக்கும்'னு ஆயிருச்சு. ரெண்டுக்கும் நடுவுல ஒரு ஆறே ஓடுது.

தெங்குமரஹாடாவுக்கு உன்னைக் கூட்டிட்டுப் போயிருக்கேன் இல்ல? பஸ் மாயாத்துக் கரையோட நின்னுக்கும். அக்கரை போகோணும்னா பரிசல்தான். கொழுப்புக்கும் அதே கதிதான். அது எரியற எடம், செல்லுக்குள்ள இருக்கற மைட்டோகாண்ட்ரியா. நீளச் சங்கிலிக் கொழுப்பு அமிலம் அதோட உள்சவ்வைத் தன்னால தாண்டாது. இக்கரைத் துறையில சி.பி.டி.-1னு ஒரு நொதி நின்னு, அதைக் கார்னிட்டின் பரிசல்ல ஏத்தி விடும். அக்கரையில சி.பி.டி.-2 எறக்கிக்கும். வெறும் பரிசல் திரும்பி வந்து அடுத்த ஆளை ஏத்தும். பரிசல் எரியறதும் இல்லை, தீர்றதும் இல்லை.

உம்பட உடம்புல எத்தனை பரிசல் கெடக்குது தெரியுமா? வளந்த ஆளுக்குச் சுமார் 20 கிராம். அதுல நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு சதையிலயும் இதயத்துலயும் இருக்குது. நீ மூடியில ஊத்திக் குடிக்கிறது ஒண்ணு ரெண்டு கிராம். துறையில பரிசல் வரிசையா நிக்குது கண்ணு, அக்கரையிலதான் வேலை இல்லை. சக்தி கேட்டாத்தானே கொழுப்பு கெளம்பும்? நீ நாற்காலியை விட்டு எந்திரிக்கறதே டீ குடிக்கத்தான். ஆள் வராத துறையில இன்னும் நாலு பரிசலைக் கொண்டுபோயிக் கட்டிப்போட்டா, அக்கரைக் காடு வெளைஞ்சிருமா?

அதோட நிக்கலை. அந்தத் துறைக்கு ஒரு காவக்காரன் இருக்கறான். பேரு மலோனைல் கோ-ஏ. சோறு, பரோட்டா, ஜிலேபினு உள்ள தள்ளினா இன்சுலின் ஏறுது. 'சரக்கு எச்சா வந்திருச்சு, கொழுப்பாக் கட்டி வை'னு உடம்பு வேலையை ஆரம்பிக்குது. அப்படிக் கட்டறப்போ மொதப்படியில உண்டாகறவன்தான் இவன். உண்டானதும் இவன் சி.பி.டி.-1 கையைப் புடிச்சு நிறுத்திருவான். ஒரு பக்கம் கொழுப்பைக் கட்டிக்கிட்டே இன்னொரு பக்கம் எரிக்கிற கிறுக்குத்தனம் உடம்புக்குத் தெரியாது. மாயாத்துல வெள்ளம் வந்தா பரிசல் விடமாட்டாங்க, அதே உத்தரவுதான். ராத்திரி பத்தரைக்குப் பரோட்டாவைச் சால்னாவுல ஊற வெச்சு முழுங்கிப்போட்டு, அது மேல ஒரு மூடி கார்னிட்டின் ஊத்தறே பாரு, அது வெள்ளத்தன்னிக்குத் துறையில போயி நின்னு பரிசல்காரனைக் கூப்புடற வேலை. நட, ஓடு, மம்பட்டி புடி, இல்ல ராத்திரிச் சாப்பாட்டைச் சித்த முன்னக்கூட்டி முடிச்சு வயித்தைக் காலியா விடு. காவக்காரன் தானாக் கையை விட்டுருவான். அப்போ இருக்கற பரிசலே போதும்.

செரி, இருக்கற பரிசலை உடம்பு எதுல பண்ணுதுனு கேளு. லைசின், மெத்தியோனின்னு ரெண்டு அமினோ அமிலம். கல்லீரலும் சிறுநீரகமும் அதை வெச்சுக் கார்னிட்டின் பண்ணிக்கும். ஒத்தாசைக்கு இரும்புச் சத்து, வைட்டமின் சி, பி-6, நியாசின். லைசின் பருப்புல தாராளம், மெத்தியோனின் அரிசியில இருக்குது. உங்க அமுச்சி ஆக்கற அரிசிம்பருப்புல ரெண்டும் ஒரே போசியில வேகுது. கூட ஒரு கீரையும் நெல்லிக்காயும் வெச்சுட்டா முடிஞ்சுது. இதுக்கு ஜிம்மு மாஸ்டர் கமிஷன் கேக்க முடியாதுங்கற ஒரே கொறைதான்.

கறி திங்கறவங்களுக்குச் சாப்பாட்டுல இருந்தே தினம் 60-ல இருந்து 180 மில்லிகிராம் வரைக்கும் கெடைக்குது. பாலைக்கூடத் தொடாத சுத்த சைவத்துக்கு 10, 12 மில்லிகிராம்தான். அவுங்க ஒண்ணும் பரிசல் இல்லாம இக்கரையில நின்னுரலை, உடம்பு செஞ்சுக்குது. வேகவெச்ச மாட்டுக்கறி நூத்துப் பத்துக் கிராம் சுமாருக்கு எடுத்தா 56-ல இருந்து 162 மில்லிகிராம் இருக்கும். ஒரு டம்ளர் பாலுல 8. ஜிம்முக்குப் போனதுல இருந்து உப்பில்லாம அவிச்சு, மூஞ்சியைச் சுளிச்சுக்கிட்டே நீ திங்கறியே கோழி நெஞ்சுக்கறி, அதுல அதே அளவுக்கு வெறும் 3-ல இருந்து 5. இதைக் கேட்டதும் எனக்கு உம்மேல ரொம்ப எரக்கமாப் போச்சு.

இப்போ சாப்பிடற முறைக்கு வர்றேன். சாப்பாட்டுல வர்ற கார்னிட்டினை உடம்பு பாதிக்கு மேல உறிஞ்சிக்கும். பாட்டில்ல, மாத்திரையில கிராம் கணக்குல உள்ள விட்டா, நூத்துக்கு இருவதுகூட ஏறாது. ஏறினதுலயும் வேணுங்கறதைச் சிறுநீரகம் திருப்பி எடுத்து வெச்சுக்கிட்டு, எச்சா வந்ததை மூத்திரத்துல அனுப்பிரும். அதனால நீ கொஞ்ச நாளைக்குக் கக்கூசுக்குப் போறப்போ மரியாதையாப் போகோணும். அங்க போறது சாதாரணத் தண்ணி இல்லை, மாசச் சம்பளம்.

சதைக்குள்ள ஏத்தவே முடியாதானு கேட்டியா? முடியும். நாட்டிங்காம்ல பண்ணிக் காட்டியிருக்காங்க. 2011-ல வந்த ஆராய்ச்சி அது. 14 ஆம்பளைங்க, 24 வாரம். கார்னிட்டின் குடிச்ச பாதிப்பேருக்குத் தினம் ரெண்டு வேளை 2 கிராம் கார்னிட்டின் டார்ட்ரேட், ஒவ்வொரு வேளைக்கும் கூட 80 கிராம் மாவுச்சத்துக் கலந்த தண்ணி. அந்தத் தித்திப்பு எதுக்குனா, இன்சுலின் ஏறினாத்தான் கார்னிட்டின் சதைக்குள்ள நொழையுது. ஆறு மாசம் பக்கம் குடிச்சு, சதையில 21 சதவீதம் கூடுச்சு. மிச்சப்பேரு மாவுச்சத்து மட்டும் குடிச்சாங்க, அவுங்களுக்குக் கூடலை. ஆக நீயும் தினம் 160 கிராம் மாவுச்சத்து குடிக்கோணும், 640 கலோரி. எளைக்கறதுக்கு இதை விட இனிப்பான வழி எங்க இருக்குது?

அந்தக் கூட்டத்தோட 2013 ஆராய்ச்சி இன்னும் அழகு. 12 வாரம் தித்திப்புத் தண்ணி மட்டும் குடிச்சவங்களுக்கு 1.8 கிலோ கொழுப்பு ஏறுச்சு. கார்னிட்டினும் சேத்துக் குடிச்சவங்களுக்கு ஏறலை. பாத்தியா, நெசமாவே வேலை செய்யுது! தித்திப்புல வர்ற தொப்பை வராம இருக்கோணும்னா கார்னிட்டின் குடிக்கோணும். கார்னிட்டின் உள்ள போகோணும்னா தித்திப்புக் குடிக்கோணும். ரெண்டையும் விட்டுப்போட்டா என்னங்கனு கேக்கலாம்னு வாய் வரைக்கும் வந்துது. படிச்ச புள்ளை வாசிக்கறப்போ குறுக்க பேசப்படாதுனு அடக்கிக்கிட்டேன்.

குடிச்சு எளைச்சவங்களே இல்லையானா, அதையும் மறைக்க மாட்டேன். 2000-ல ஆஸ்திரேலியாவுல, உடம்பு சித்தக் கூடுன 36 பொம்பளைங்களை ரெண்டு பங்காப் பிரிச்சாங்க. பாதிப்பேருக்குத் தினம் 4 கிராம் கார்னிட்டின், பாதிப்பேருக்குப் பொய் மருந்து. எல்லாருக்கும் வாரம் நாலு நாள் அரை மணி நேரம் நடை. எட்டு வாரம் கழிச்சு எடை போட்டா, ரெண்டு கூட்டத்துக்கும் எடையிலயும் கொழுப்புலயும் வித்தியாசமே இல்லை. கார்னிட்டின் குடிச்சவங்கள்ல அஞ்சு பேரு மட்டும் கொமட்டலும் வயித்தாலயும் தாங்காம நடுவுலயே வெலகிக்கிட்டாங்க. வயித்தால போனா எடை கொறையும்தான். ஆனா அந்தக் கணக்கை ஆராய்ச்சியில சேத்துக்கலை.

2020-ல 37 ஆராய்ச்சியை ஒண்ணாச் சேத்துக் கூட்டிப் பாத்தாங்க, 2,292 பேரு. சராசரியா 1.21 கிலோ கொறைஞ்சிருந்துது. இல்லைனு சொல்ல முடியாது, ஒண்ணேகால் கிலோவுக்குச் சித்தக் கம்மி. ஆனா இடுப்புச் சுத்தளவு கொறைஞ்சதாத் தெரியலைங்கறாங்க. எடை மிசினுக்குத் தெரியுது, பெல்ட்டுக்குத் தெரியலை. கல்யாணப் பந்தல்ல உனக்கு உருமால் கட்டறப்போ எடை மிசினைக் கொண்டுவந்து பக்கத்துல வெச்சரட்டுமா? போட்டோவுல அதுவும் விழட்டும்.

எச்சாக் குடிச்சாச் சீக்கிரம் எளைக்கும்னு தோணுச்சுனா, அதுக்கும் ஒரு பலன் இருக்குது. தினம் 3 கிராம் பக்கம் போனா, சில பேருக்கு உடம்புல மீன் வாடை அடிக்கும். ரத்தத்துல ஏறாத கார்னிட்டின் குடலுக்கு எறங்கும். அங்க இருக்கற பாக்டீரியா அதைத் தின்னுபோட்டு டிரைமெத்திலமீன்னு ஒண்ணை விடும். மீன் வாடைக்குப் பொறப்பே அதுதான். பொண்ணு வீட்டுக்காரங்க பக்கத்துல உக்காந்து, 'மாப்பிள்ளை வீட்டுல புரட்டாசியிலயும் கெளுத்திக் கொழம்புங்களா?'னு கேப்பாங்க. உங்கப்பன் வயிறு எரியும். அங்கயாச்சும் ஏதோ எரியட்டும்.

சிரிச்சது போதும், இதைக் காது குடுத்துக் கேளு. அந்த வாடைச் சாமானைக் கல்லீரல் டி.எம்.ஏ.ஓ.னு இன்னொண்ணா மாத்துது. 2013-ல கிளீவ்லாண்ட் கிளினிக் ஆராய்ச்சிக்காரங்க, கார்னிட்டினை நெறையாக் குடுத்த எலிக்கு அந்த வழியா ரத்தக் குழாய் அடைப்புக் கூடுதுனு எழுதினாங்க. கறி தின்னு பழகினவங்க குடல்ல அந்தச் சாமான் எச்சா உண்டாகுது, சைவக்காரங்க குடல்ல கம்மியாத்தான் உண்டாகுது. மனுசனுக்கு அது எவ்வளவு தூரம் கெடுதல்னு இன்னும் வாதம் தீரலை. தீராத வழக்குல நம்ம இதயத்தைக் கொண்டுபோயிச் சாட்சி நிறுத்தோணுமா?

ஆனா கண்ணு, இதை வெச்சுக் கார்னிட்டினே பொய்யினு நீ ஊருக்குள்ள பேசிப்போடாதே. அது நெசமான மருந்து. பரிசலே இல்லாதவங்களும் இருக்கறாங்க. ஓ.சி.டி.என்.-2னு ஒரு புரதம்தான் கார்னிட்டினைச் செல்லுக்குள்ள கொண்டாந்து சேக்கும், மூத்திரத்துல போகாமத் திருப்பிப் புடிக்கும். பொறவியிலயே அது கெட்டுப்போனவங்க உடம்புல கார்னிட்டின் தங்காது. இதயம் வீங்கும்; நல்லா இருந்த புள்ளை பொசுக்குனு விழுந்துரும். வட அட்லாண்டிக் கடல்ல ஃபாரோ தீவுனு இருக்குது. அங்க 300 பேருக்கு ஒருத்தருக்கு இந்தக் கோளாறு. எளவயசுச் சாவு நடந்து போயி, கடைசியில நாட்டுச் சனத்தையே ரத்தம் எடுத்துப் பாத்தாங்க. அவுங்களுக்கு இதே கார்னிட்டின்தான் உசுரு. நாள் தவறாமக் குடிச்சா, நாலு பேரோட பொழைச்சுக் கெடக்கலாம். டயாலிசிஸ் பண்றவங்க, வலிப்புக்கு வால்புரோயேட் சாப்பிடறவங்க, கொறைமாசத்துப் புள்ளைங்க, இவுங்களுக்கும் கொறையறது உண்டு. அவுங்களுக்கு டாக்டர் பாத்து, அளந்து குடுப்பாரு. அவுங்க ஒருத்தரும் மூடியில ஊத்திக்கிட்டுக் கண்ணாடி முன்னால நின்னு கையை மடக்கிப் பாக்கறதில்லை.

அப்பிச்சி இங்கிலீசு மருந்துனா மட்டும் ஏளனம் பண்றாருனு நெனைக்காதே. நம்ம கொள்ளு மட்டும் யோக்கியமா? எளைக்கோணும்னா கொள்ளு ரசம் குடினு சொல்லாத கெழவி இந்தப் பக்கம் கெடையாது. நானும் காலம் பூரா குடிச்சவன்தான். வெடியால கவலை எறைச்சோம், பொழுது வரைக்கும் காட்டுல குனிஞ்சோம், பொறகு வந்து கொள்ளு ரசம் குடிச்சோம். எளைச்சுது குனிஞ்சதுல, பேரு வாங்குச்சு கொள்ளு. இன்னைக்கு டி.வி. முன்னால உக்காந்து அதே ரசத்தைக் குடிக்கிற உங்கப்பனைப் பாரு, அவனும் பொத்தானைப் போடாமத்தான் திரியறான். ஓடறது காலு, விருது வாங்கறது பாட்டில். இது வெள்ளைக்காரன் கண்டுபிடிச்ச ஏமாத்து இல்லை, நம்ம வீட்டுலயும் நடக்கற ஏமாத்துத்தான்.

கொழுப்பு கரைஞ்சா எந்த வழியாப் போகுதுனு தெரியுமா? வேர்வையினு சொல்லுவே, கக்கூசுனு சொல்லுவே. 2014-ல ரெண்டு பேரு கணக்குப் போட்டு பி.எம்.ஜே. பத்திரிகையில எழுதினாங்க: 10 கிலோ கொழுப்பு முழுசா எரிஞ்சா, 8.4 கிலோ கரியமில வாயுவா மூச்சுல போகுது, மிச்சம் 1.6 கிலோ தண்ணியாப் போகுது. ஆக, தொப்பை போறது மூக்கு வழியா. மூச்சு வாங்க வாங்கத்தான் அது கெளம்பும். உக்காந்த எடத்துல வேக வேகமா மூச்சு விட்டா ஆகாதானு கேக்காதே, கிறுகிறுனு தலை சுத்தி விழுந்துருவே. உடம்பு வேலை செஞ்சு, அது தானா வாங்கற மூச்சா இருக்கோணும்.

கடைசியா அந்தப் பாட்டிலை இப்படிக் குடு. கண்ணாடியைப் போட்டுப் பாக்கறேன். முன்னால 'ஃபேட் பர்னர்'னு யானை கணக்கா எழுதியிருக்கறான். பின்னால எறும்பு எழுத்துல என்ன போட்டிருக்குது? 'முறையான உணவோடும் உடற்பயிற்சியோடும் சேர்த்துப் பயன்படுத்தவும்'. அடேங்கப்பா, எத்தனை நேர்மை! ஆயிரத்துச் சில்லறையில உருப்படியான மருந்து அந்த ஒரே வரிதான். அதை அவன் எனாமாக் குடுத்துப்போட்டு, தண்ணிக்குக் காசு வாங்கியிருக்கறான்.

இப்போ நம்ம யாவாரத்தைப் பேசலாம். அடுத்த பாட்டிலுக்குனு வெச்சிருக்கற பணத்தை எங்கிட்டக் குடு. தை பொறக்கற வரைக்கும் வெடியால நாலரைக்கு வந்து உம்பட கதவைத் தட்டறேன். எந்திரிக்கலைனா மூஞ்சியில ஒரு சொம்புத் தண்ணி, அதுக்குத் தனியாக் காசில்லை. வாய்க்கா மேட்டோட ஒரு மணி நேரம் நடத்திக் கூட்டிட்டு வந்து, ராத்திரி ஏழு மணிக்கு மேல சமையக்கட்டுச் சாவியை நான் இடுப்புல சொருகிக்குவேன். பொத்தான் காஜாவுல ஏறலைனா பணம் வாபசு. அந்தக் கம்பெனிக்காரன்கிட்டயும் இதே உத்தரவாதத்தைக் கேட்டுப் பாரு. அவன் குடுத்தான்னா, நானே மூணு பாட்டில் வாங்கித் தர்றேன்.

என்ன யோசிக்கறே? போன்ல பணம் அனுப்பறயா? அதெல்லாம் எனக்கு ஆகாது கண்ணு. ரொக்கமாக் குடு, அதுவும் முன்பணமா. நாளைக்கு வெடியால உம்பட மொகரையைப் பாத்துப்போட்டு, 'அப்பிச்சி, நாளன்னைக்கு ஆரம்பிக்கலாமுங்க'னு நீ சொல்லுவே. அப்போ வெத்தல பாக்குக்காச்சும் ஆகட்டும்.